கேகேஎல் கேபிள்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா டீசல் கார். அதன் ஈசியூவோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) லேப்டாப் பேச, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டின் (கோளாறு பார்க்கும் சாக்கெட்) 7-ஆம் பின்னில் வரும் கே-லைன் என்ற ஒற்றை வயர்தான் வழி. லேப்டாப்பின் யூஎஸ்பியை அந்தச் சாக்கெட்டோடு இணைக்க வாங்கிய மலிவு விலை கேகேஎல் கேபிள் பல வருஷமாக உழைக்கிறது. "கேபிள் போச்சு" என்று தூக்கி எறிவதில் பலவற்றை அரை மணி நேரத்தில் உயிர்ப்பித்துவிடலாம்.

கனெக்‌ஷன் பாதியில் விட்டுப்போனால் முதலில் லேப்டாப்பைக் கவனியுங்கள். யூஎஸ்பி கழன்ற சத்தம் கேட்டாலோ, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் (கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் போர்ட்) காணாமல் போனாலோ கோளாறு யூஎஸ்பி பக்கம். போர்ட் அப்படியே இருந்து ஈசியூ மட்டும் பதில் தராவிட்டால் வண்டிப் பக்கம். இதை முதலிலேயே பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

என் கேபிளில் போனது யூஎஸ்பி பக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே இடமே கிடையாது; பிளக்கின் கழுத்தில் வயர் மடங்கியபடியே கிடக்கும், முழங்காலும் இடிக்கும். மேலுறை முழுசாக இருந்தாலும் உள்ளே கறுப்பு வயர் அறுந்திருந்தது. பிளக்கின் ஸ்குரூவைக் கழற்றி, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பீப் சத்தம் விட்டு விட்டு வந்தது. நைந்த பகுதியை வெட்டிவிட்டு சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு நான்கையும் போர்டில் மறுபடி சால்டர் செய்தேன். மூடுவதற்கு முன் வயரை உள்பக்கம் ஒரு கேபிள் டையால் இறுக்கிவிடுங்கள். இழுவை சால்டர் மேல் விழக்கூடாது. மலிவு கேபிள்களில் கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடிப்பது இங்கேதான். அந்த டை போட்டபின் எனக்குத் தொந்தரவே இல்லை.

வண்டிப் பக்கம் என்றால், சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே பேட்டரி வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். கேபிளைச் செருகி இக்னிஷன் போட்டதும் 7-ஆம் பின்னில் கிட்டத்தட்ட 12 வோல்ட் நிற்க வேண்டும். அது பூஜ்யத்துக்கு அருகில் கிடந்தால், வெளியில் வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டத்தைச் சந்தேகியுங்கள். ஃபோக்ஸ்வாகன்-ஸ்கோடா குடும்பத்துப் பழைய வண்டிகளில் கே-லைன் ரேடியோ கனெக்டருக்கும் போகிறது. வேறு செட் மாட்டினால் அந்த வயர் கிரவுண்டில் மாட்டிக்கொள்ளும். செட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

சாஃப்ட்வேரிலும் ஒரு சங்கதி. இந்த வண்டிகளின் கோளாறு பார்க்கும் விசிடிஎஸ்-லைட் சாஃப்ட்வேர் காம் 1 முதல் 4 வரைதான் பார்க்கும். விண்டோஸ் காம் 7 என்று கொடுத்தால் டிவைஸ் மேனேஜரில் கையால் மாற்ற வேண்டும். கேபிளுக்குள் இருப்பது எஃப்டிடிஐ கம்பெனியின் யூஎஸ்பி சிப் என்றால், போர்ட் செட்டிங்கில் லேட்டன்சி டைமரை (தகவலை அனுப்புமுன் காத்திருக்கும் நேரம்) 16-லிருந்து 2 மில்லி செகண்டுக்குக் குறைத்துப் பாருங்கள். எனக்கு அதில் வித்தியாசம் தெரிந்தது.

ஃபால்ட் கோடு (ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு எண்) படிக்கவும் அழிக்கவும் இந்தக் கேபிள் தாராளமாகப் போதும். ஆனால் ஒட்டுப்போட்ட கேபிளை வைத்து ஈசியூவில் எதையும் எழுத மாட்டேன். நடுவில் அறுந்தால் செலவு கேபிளோடு நிற்காது. 6, 14 பின்களில் கேன் பஸ் என்ற புது இணைப்பு வழியாக மட்டுமே பேசும் புது வண்டி வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அந்தப் பின்களுக்கு இதில் இணைப்பே கிடையாது.