படுதா கட்டும் ஓட்டுநருக்கு முழுவுடல் பெல்ட் போதுமா?

இரும்புக் கம்பியும் தகடும் ஏற்றும் திறந்த டிரெய்லர்களில் சரக்கின் மேல் ஏறிப் படுதா கட்டும் ஓட்டுநர்களிடம், பல ஆலைகளின் நுழைவாயிலில் இப்போது தலைக்கவசத்தோடு, விழுந்தால் உடலைப் பிடித்து நிறுத்தும் முழுவுடல் பெல்ட்டையும் கேட்கிறார்கள். பாதுகாப்புச் சாமான் கடைகளில் பரவலாகக் கிடைக்கும், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, 1.8 மீட்டர் இரட்டைக் கயிறும், விழும்போது பிரிந்து நீண்டு அதிர்ச்சியைக் குறைக்கும் அதிர்வு தாங்கியும் இணைந்த வகையைக் கடந்த மழைக்காலம் முழுவதும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

தைப்பும் கொக்கிகளும் உறுதியாக இருக்கின்றன. மண்டியிட்டுக் கயிற்றை முடிச்சிடும்போதும் தொடைப்பட்டை இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆனால் டிரெய்லர் மேல் இந்த பெல்ட் நம்மைக் காப்பாற்றுமா என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் காப்பாற்றாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

டிரெய்லர் தளம் ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரம். அதன்மேல் இன்னும் 1.5 மீட்டருக்குச் சரக்கு இருந்தால் ஓட்டுநரின் கால் 3 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தலைக்கு மேலே மாட்ட எதுவும் இல்லாததால் கொக்கியைக் காலடியில் சரக்குக் கட்டிலேயே மாட்டுகிறோம். பெல்ட்டின் முதுகில் கயிறு இணையும் வளையம் காலடியிலிருந்து சுமார் 1.5 மீட்டர் மேலே இருப்பதால், கயிறு விறைப்பதற்கே 3.3 மீட்டர் விழ வேண்டும். அதற்குள் கால் தரையைத் தொட்டுவிடும். அதிர்வு தாங்கி பிரியும்போது கூடும் நீளம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. கட்டடச் சாரத்தின் உச்சியில் உயிர் காக்கும் அதே பொருள் இங்கே வாயிற்காவலரைத் திருப்திப்படுத்த மட்டுமே உதவுகிறது என்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

ஏற்றுமிடத்தில் தலைக்கு மேலே இரும்புக் கம்பி வடம் கட்டி, இழுத்தால் நீண்டு, திடீரென விழுந்தால் உடனே பூட்டிக்கொள்ளும் தானியங்கிக் கயிற்றுப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கும் ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே இதே பெல்ட்டின் முதுகு வளையத்தில் அந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டால், படுதாவை இழுத்தபடி பின்னால் நடக்கும்போது விழுந்தாலும், சில அடிகளுக்குள் உடல் நின்றுவிடும். தொங்குபவரை உடனே இறக்க ஆள் அருகில் இருக்க வேண்டும்; நெடுநேரம் தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருமுறை விழுகையைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி அணியவே கூடாது.

அத்தகைய ஆலைகளுக்கு அடிக்கடி போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை, டிரெய்லர் ஓரத்தில் கொக்கியிட்டு மாட்டும், அகலப் படியுள்ள அலுமினிய ஏணிக்குச் செலவிடுவது நல்லது. டயரிலும் பக்கக் கம்பியிலும் கால் வைத்து ஏறுவதும் கீழே குதிப்பதும் அதனால் நின்றுவிடும். மடித்த படுதாவை ஃபோர்க்லிஃப்ட் மூலம் சரக்கின் மேல் வைக்கச் சொல்லிக் கேட்டு, ஓரக் கயிறுகளைத் தரையில் நின்றே இழுத்துக் கட்டினால், மேலே நிற்கும் நேரமும் பெரிதும் குறைகிறது.