நட்சத்திரமா, நாள்பட்ட ரிவ்யூவா?

முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷின் தேடியபோது கடைசியில் இரண்டு மாடல்கள் மிஞ்சின. ஒன்றுக்கு 4.5 நட்சத்திரம், இன்னொன்றுக்கு 4.1. ஒரே மெஷினை ஒருவர் "ஓடுவதே தெரியவில்லை" என்கிறார், அடுத்தவர் "ஸ்பின் போட்டால் வீடே அதிருது" என்கிறார். நான் வாங்கியது 4.1. யார் பேச்சை எதற்கு நம்பலாம் என்று பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

சராசரியைப் பார்த்து வாங்குவது சட்டென்று முடிகிற வேலை. ஆனால் 100 பேரில் 82 பேர் ஐந்தும் 18 பேர் ஒன்றும் போட்டால் 4.28. 40 பேர் ஐந்து, 48 பேர் நான்கு, 12 பேர் மூன்று போட்டாலும் அதே 4.28. முதலாவது சூதாட்டம், இரண்டாவது நம்பி வாங்கலாம். எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று காட்டும் பட்டைகளைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அமேசான் ரேட்டிங்குகளை அலசிய ஹூ, பாவ்லு, ஜாங் என்ற மூன்று ஆய்வாளர்களும் 2009 கட்டுரையில் காட்டியது இதைத்தான்: ஐந்து ஏராளம், ஒன்று கொஞ்சம், நடுவில் பள்ளம். ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கொதித்தவரும்தானே மெனக்கெட்டு எழுதுகிறார்கள்!

ஒற்றை நட்சத்திரங்களை மட்டும் படிப்பது எதிர்ப்பக்கக் கோளாறு. நசுங்கிய பெட்டி, தாமதமான டெலிவரி, போனை எடுக்காத கஸ்டமர் கேர் என்று கோபம் எங்கெங்கோ போகும். மெஷின் துவைத்ததா என்பது வராது. வீடியோ விமர்சகர்கள் பட்டன், டிஸ்ப்ளே, சத்தம் எல்லாம் காட்டுவார்கள். அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

என் ஓட்டு நாள்பட்ட ரிவ்யூக்களுக்கு, அதாவது பல மாதம் பயன்படுத்திவிட்டு எழுதியவற்றுக்கு, அதிலும் மூன்று நட்சத்திரம் போட்டவர்களுக்கு. காரணம் பராமரிப்பு. இந்த வகை மெஷினில் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பில் தண்ணீர் தேங்கும். துடைக்காமல் கதவைச் சாத்தி வைத்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்து, துவைத்த துணியிலேயே வாடை வரும். வாங்கிய வாரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டவருக்கு இது தெரிய வழியே இல்லை. பேரிங் தேய்வது, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு போவது, உதிரி பாகத்துக்குக் காத்திருப்பது எல்லாமே அப்படித்தான். அதனால் ரிவ்யூக்களைப் புதியது முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, 'மாதம்', 'வருஷம்', 'வாரண்டி', 'சர்வீஸ்' என்ற சொற்களைத் தேடிப் படித்தேன். 4.5 மாடலில் பழைய பயனர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது போர்டு பழுதையும் கிடைக்காத உதிரி பாகத்தையும். 4.1 மாடலின் மார்க் குறைந்தது பெரும்பாலும் இன்ஸ்டலேஷன் ஆள் வரத் தாமதமானதாலும், ஒரு சுற்று துவைக்க நேரம் எடுப்பதாலும். இரண்டும் எனக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியவை.

அந்த அதிர்வுச் சண்டைக்கும் இதில் விடை கிடைத்தது. வண்டியில் வரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் போல்ட்டுகள் போட்டு முடுக்கியிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினாலோ, நான்கு கால்களும் சமமாக நிற்காவிட்டாலோ எந்த மெஷினும் குதிக்கும். ஆக, இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம்.

பொய்யே சொல்பவர்களும் உண்டு. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியா 2022இல் ஐஎஸ் 19000 தரநிலையைக் கொண்டுவந்தது. போலி ரிவ்யூக்களைத் தடைசெய்யும் அமெரிக்க விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. எனக்கென்னவோ காலம்தான் நல்ல வடிகட்டி. காசு வாங்கிக்கொண்டு எழுதியவர் ஒன்றரை வருஷம் கழித்து வந்து ரப்பர் வளையத்தைப் பற்றிப் புலம்பமாட்டார்.

சந்தைக்கு வந்து ஒரு மாதமே ஆன மாடலுக்கு இந்த வழி உதவாது. அதே கம்பெனியின் முந்தைய மாடலைப் பற்றிப் படிக்கலாம். ஆனால் உள்ளே மோட்டாரும் போர்டும் மாறியிருந்தால் அது அரைகுறைத் தகவல்தான். சில தளங்களில் வேறு வேறு கொள்ளளவு மெஷின்களின் ரிவ்யூக்களை ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருப்பார்கள், எந்த அளவுக்கு எழுதியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செருப்பு, சட்டைக்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அளவு சரியாக இருக்கிறதா என்பதை முதல் நாள் ரிவ்யூவே சொல்லிவிடும். வருஷத்துக்கு ஒரு மாடல் மாறும் போன், இயர்போன் விஷயத்தில் இதை நான் அதிகம் முயன்று பார்த்ததில்லை.