கம்பளத்தை எடுத்த பின்: ஃபோம் விரிப்பா, மணல் பூச்சா?

நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கத்துச் சிறிய ஃபைபர் படகொன்றில் தளத்துக்குக் கம்பளம் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்தெடுக்கும்போது அடியில் தேங்கிய உப்புநீரும் மீன் செதிலும், சில இடங்களில் விரல் பட்டாலே உதிரும் ஒட்டுப்பலகையும் தெரியும். பழைய பசையைச் சுரண்டி, நன்னீரால் கழுவி, நன்கு காய்ந்த பிறகே வேறெதையும் போட வேண்டும்.

ஈ.வி.ஏ. ஃபோம் (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் நுரை) விரிப்பு காலுக்கு மெத்தென்றிருக்கும், தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் தூண்டில் முள்ளும் நங்கூரமும் அதைக் கிழித்துவிடும். எபாக்சி எனும் இறுகும் பிசினைப் பூசி, ஈரம் காயுமுன் மணல் தூவும் முறை (கடற்கரை மணல் உப்புடையது, கழுவிச் சலித்த ஆற்று மணலே நல்லது) முழங்காலை உறுத்தும், வலையையும் சற்று உரசும் என்றாலும், தேய்ந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம். தொழில் படகுக்கு நான் பூச்சையே சொல்வேன். எஞ்சின் பிடிப்பவர் நிற்குமிடத்தில் ஒரு துண்டு ஃபோம் போதும்.