ஸ்டீராய்டு களிம்பா, டாக்ரோலிமஸா? எக்ஸிமாவுக்கு எது, எங்கே, எவ்வளவு

முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் ரத்தம் வரும்வரை குழந்தை சொறிகிறது. ஊரில் கரப்பான் என்பார்கள், எக்ஸிமா என்பதும் உண்டு. தோல் மருத்துவர் சீட்டில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்று எழுதுவார். அதே சீட்டில் ஸ்டீராய்டு களிம்பும் இருப்பது தெரிந்ததும் பெற்றோர் பலர் அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு எண்ணெய்க்குத் திரும்புகிறார்கள். வேறு பலர் சீட்டே இல்லாமல், மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப்" என்று கேட்டு வாங்கிய கலவைக் களிம்பை மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். அந்த ட்யூப்பிலும் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டுதான், அதுவும் கடுமையான வகை.

இந்த நோயில் தோலின் மேலடுக்கால் ஈரத்தைத் தக்கவைக்க முடிவதில்லை. அந்த அடுக்கு உறுதியாக அமைய உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பிழைகள் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. காய்ந்த தோல் வழியே தூசும் கிருமியும் சோப்பும் எளிதாக உள்ளே போகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் சீறுகிறது, அரிப்பு எடுக்கிறது, சொறிந்தால் தோல் இன்னும் கிழிகிறது. ஆகவே சிகிச்சைக்கு இரண்டு வேலைகள்: ஈரத்தைக் காப்பது, அழற்சியைத் தணிப்பது. முதல் வேலையைச் செய்யும் பொருள் இரண்டாவதற்கு ஈடாகாது. எண்ணெய் போதுமா, ஸ்டீராய்டு வேண்டுமா என்று கேட்பதே பொருந்தாத போட்டி. எண்ணெய்க்குப் போட்டி க்ரீம். ஸ்டீராய்டுக்குப் போட்டி டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியைத் தணிக்கும் களிம்பு.

தேங்காய் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, க்ரீம்

நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்குத்தான். தப்பில்லை. பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைத் தெளிவாகவே முந்தியது. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது லேசான, நடுத்தர எக்ஸிமா என்பதை மறக்கக் கூடாது. ஆலிவ் எண்ணெயை நான் ஒதுக்கிவிடச் சொல்வேன். பெரியவர்களின் தோலில் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் அது மேலடுக்கைக் குலைத்தது. விலை அதிகம் என்பதற்காக எதுவும் குழந்தைத் தோலுக்கு உகந்ததாகிவிடாது.

பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும், வாசனை சேர்க்காததை வாங்கினால் புண்ணில் எரியாது. ஆனால் மே மாதச் சென்னையில் உடம்பெல்லாம் பூசினால் வியர்க்குரு கிளம்பிவிடும். க்ரீம் பூசுவதற்கு இதம், விலைதான் இடிக்கும். எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஈரப்பதக் களிம்பு என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். 50 கிராம் ட்யூப் ஒன்றை வாங்கிப் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு மாதம் முழுதும் ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. பலனில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே தாராளமாகப் பூசக் கட்டுப்படியாகும் ஒன்றை வாங்குங்கள். குளித்த ஈரம் காய்வதற்குள் பூசுங்கள். மார்கழியில் ஜெல்லி, வெயில் காலத்தில் க்ரீம் என்று மாற்றிக்கொள்வது என் விருப்பம். நலங்கு மாவு போட்டுத் தேய்ப்பதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் இந்தத் தோலுக்கு ஆகாது. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும்

உண்மையான போட்டி இங்கேதான். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பைத் தோலில் பூசிக் கண்ட பலனை அமெரிக்க மருத்துவர்கள் சல்ஸ்பெர்கரும் விட்டனும் வெளியிட்டது 1952இல். டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுத்த அந்த மருந்து, 2000ஆம் ஆண்டின் இறுதியில் எக்ஸிமா களிம்பாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

வேகத்தில் ஸ்டீராய்டுக்கே வெற்றி. சிவந்து, நீர் கசிந்து, இரவில் தூங்கவிடாத புண்ணை அது சில நாளில் அடக்கிவிடும். டாக்ரோலிமஸ் மெதுவாகத்தான் வேலை செய்யும். முதல் சில நாட்கள் பூசிய இடம் எரியும். எரிச்சலை ஒவ்வாமை என்று நினைத்து இரண்டாம் நாளே ட்யூப்பை வீசிவிடுகிறவர்கள் பலர். ஃப்ரிட்ஜில் வைத்துப் பூசினால் எரிச்சல் குறையும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும்.

இடம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். கண் இமை, முகம், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் தோல் மெல்லியது. அங்கே வீரியமான ஸ்டீராய்டை நாள்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலியும், ரத்த நாளங்கள் கோடுகோடாகத் தெரியும். இமையருகே என்றால் கண்ணுக்கும் ஆபத்து. டாக்ரோலிமஸ் தோலை மெலியச் செய்வதில்லை. அதனால் முகத்துக்கும் மடிப்புகளுக்கும் நான் அதன் பக்கம். கை, கால், முதுகில் கிளம்பிய கடும் புண்ணுக்கு ஸ்டீராய்டின் பக்கம்.

ஸ்டீராய்டு என்பது ஒரே மருந்தும் அல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மிக மென்மையானது. க்ளோபெட்டசால் அதைப்போல் பல நூறு மடங்கு வீரியம் உள்ளது. பயம் முழுவதும் க்ளோபெட்டசாலைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது. அதற்கான தண்டனையை ஹைட்ரோகார்ட்டிசோன் அனுபவிக்கிறது. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் இந்தியாவில் விதி திருத்தப்பட்டது. கடைகளில் அது எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது ட்யூப் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும்.

அளவுக்கும் கணக்கு உண்டு. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். இதைவிடக் குறைத்துப் பூசினால் நோய் அரைகுறையாக அடங்கி, மருந்து நாட்கள்தான் நீளும்.

டாக்ரோலிமஸ் மீதான பயம் வேறு மாதிரி. அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை இருக்கிறது. 2006இல் அமெரிக்க அரசு அதைச் சேர்க்கச் செய்தது. அதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் முக்கியமானவை விலங்கு ஆய்வுகளும், மாத்திரையாக உட்கொண்ட உறுப்பு மாற்று நோயாளிகளின் அனுபவமும். களிம்பாகப் பூசிய சுமார் 8,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் கண்காணித்து 2020இல் வெளியான ஆய்வில், பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவுக்கு மேல் புற்றுநோய் காணப்படவில்லை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றுகூட இல்லை. 2 வயது முதல் 15 வரை 0.03 சதவீதம், அதற்கு மேல் 0.1 சதவீதம் என்று களிம்பின் வீரியத்துக்கு வரம்பு இருக்கிறது.

அடங்கிய பிறகும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, இவற்றில் ஒன்றை வாரம் இரண்டு நாள் மட்டும் தொடர்ந்து பூசும் முறை இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு அதைத் தொடங்கலாம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாகக் குழந்தையின் தட்டிலிருந்து நீக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

களிம்புக்கு அடங்காவிட்டால்

ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இரண்டு நாளில் அற்புதம் காட்டும். நிறுத்தியதும் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்புவதுண்டு. நீண்ட காலத்துக்கு அது வழியல்ல.

இன்றைய போட்டி, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சீற்றத்தை அடக்கும் டுபிலுமாப் ஊசிக்கும் உபடாசிட்டினிப் போன்ற மாத்திரைகளுக்கும் இடையில். இரண்டையும் பெரியவர்களிடம் நேருக்கு நேர் மோதவிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், 16ஆம் வாரம் நோயின் கடுமை முக்கால் பங்கு குறைந்தவர்கள் மாத்திரையில் 71 சதவீதம், ஊசியில் 61. அரிப்பும் மாத்திரையில் சீக்கிரம் அடங்கியது. ஆனால் டுபிலுமாப்பில் கண் சிவந்து உறுத்துவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படுவதில்லை. மாத்திரைக்கோ அக்கி, ரத்த உறைவு, இதயப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கைகள் உண்டு. ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயையும் தேட வேண்டும், நம் நாட்டில் அது வெறும் சம்பிரதாயம் அல்ல. குழந்தைக்கு என்றால், விலை தாங்குமானால், நான் ஊசியையே கேட்பேன். இதயக் கோளாறோ புகைப் பழக்கமோ இல்லாத, வாரக்கணக்கில் தூக்கம் தொலைத்த இளைஞருக்கு மாத்திரையை மறுக்க மாட்டேன்.