டைனோசர் வாசிப்பு: படக் கலைக்களஞ்சியமா, கதையா, ஒற்றைப் பக்கமா?

டைனோசர் என்றதும் பெரியவர்கள் வாங்குவது வழவழப்பான தாளில் அச்சான தடித்த படக் கலைக்களஞ்சியம். 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. பிள்ளை படத்துக்குப் படம் தாவும். 'எது பெரிசு' என்பது மட்டும் மனதில் தங்கும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் முதலில் டி-ரெக்ஸ் படத்தைப் பாருங்கள். வாலைத் தரையில் ஊன்றி கங்காரு மாதிரி நிமிர்ந்து நின்றால் புத்தகம் பழசு. முதுகும் வாலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். வெலாசிராப்டருக்கு இறகு இல்லையென்றாலும் வாங்காமல் திரும்ப வைத்துவிடலாம். அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த மேடுகள் இருப்பது 2007இலேயே வெளியாகிவிட்டது.

கதைப் புத்தகம் பிள்ளையை உட்கார வைக்கும், அது பெரிய விஷயம்தான். ஆனால் சிறுவனும் டைனோசரும் கைகோத்து நடக்கும் பக்கத்தில் எது தகவல், எது கற்பனை என்று பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியாது. தூங்கும்முன் படிக்கட்டும்; பாடத்துக்கு வேண்டாம். எடை, நீளம் போட்ட விளையாட்டு அட்டைகளும் அப்படித்தான்.

என் ஓட்டு ஒற்றைப் பக்கக் கட்டுரைக்கு. ஒரே டைனோசர், 150 சொல், 20 நிமிடம். ராஜாசாரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: குஜராத்தில் ரஹியோலி அருகே 1980களில் கிடைத்த எலும்புகள், 2003இல் சூட்டிய பெயர். முதல் தடவை நீங்கள் படித்துக் காட்டுங்கள், அடுத்த தடவை பிள்ளை படிக்கட்டும். பெயரை டை-ர-னோ-சா-ரஸ் என்பதுபோல் அசை பிரித்து எழுதி வைத்தால் திக்காது. பிறகு ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் 'கிடைத்தது', மறுபக்கம் 'ஊகித்தது'. மண்டையோட்டின் ஒரு பகுதி, இடுப்பு, கால், வால் எலும்புகள் இடப்பக்கம் போகும். தோலின் நிறம் வலப்பக்கம். "முழு மண்டையோடே இல்லாமல் முகத்தை எப்படி வரைந்தார்கள்?" என்று பிள்ளையே கேட்கும். இல்லாத பகுதியை உறவினத்தைப் பார்த்து ஊகிப்பார்கள்; மடகாஸ்கரில் கிடைத்த உறவினம் மஜுங்காசாரஸைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். எழுதுகிறவர் எதை வைத்துச் சொல்கிறார் என்று பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வரும். இரண்டு வரிப் படக்குறிப்பில் வராது.

மூன்றிலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: காலம். ஆங்கிலத்திலிருந்து வந்த புத்தகங்களில் 'மில்லியன்' அப்படியே நிற்கும், அல்லது டைனோசர்கள் அழிந்த 66 மில்லியன் ஆண்டுக் கணக்கு 66 கோடியாகிவிடும். சரியானது 6.6 கோடி. பென்சிலால் திருத்திக் கொடுங்கள். எண்ணைவிட நூல் நன்றாகப் புரியும். கோடி ஆண்டுக்கு 10 செ.மீ. என்று 2.3 மீட்டர் நூலை வெட்டுங்கள். ஒரு முனை இன்று, மறுமுனையில் முதல் டைனோசர்கள். இன்றிலிருந்து 1.5 மீட்டரில் ஸ்டெகோசாரஸுக்கு ஒரு முடிச்சு, 66 செ.மீ.யில் டி-ரெக்ஸுக்கு ஒன்று. டி-ரெக்ஸ் ஸ்டெகோசாரஸைவிட நமக்குத்தான் பக்கம் என்பது கண்ணுக்கே தெரியும். மனித இனத்தின் 3 லட்சம் ஆண்டு வெறும் 3 மி.மீ.; முடிச்சுப் போட இடமிருக்காது, பேனாவால் புள்ளி வையுங்கள்.

இப்படி நாலைந்து ஒற்றைப் பக்கம் முடிந்த பிறகு அந்தத் தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில் ராஜாசாரஸ் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.