"எளிய நடை, 3 மணி நேரம்" என்று விற்கப்படும் ஹெர்ட்ஸோக்ஸ்டாண்ட் மலைநடை: பணம் கட்டும் முன் படியுங்கள்

மியூனிக்கிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் நம் மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்கும் அனுப்புங்கள். சென்ற கோடையில் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஒருவர் விற்ற ஒரு நாள் மலைநடையில் பலர் பணத்தை இழந்தார்கள். உயிருக்கு ஆபத்து வராமல் போனது வெறும் அதிர்ஷ்டம். கட்டியவர்கள் காட்டிய செய்திகளையும் ரசீதுகளையும் வைத்து இதை எழுதுகிறோம். விற்றவரின் பெயர் இங்கே வேண்டாம். அதே விளம்பரம் நாளை வேறு பெயரில் வரும்.

சொன்னது இது: மியூனிக்கிற்குத் தெற்கே பவேரிய ஆல்ப்ஸில் ஹெர்ட்ஸோக்ஸ்டாண்ட் உச்சியிலிருந்து ஹைம்கார்ட்டன் உச்சி வரை முகட்டு நடை, குடும்பத்தோடு வரலாம், 3 மணி நேரம், அனுபவமுள்ள வழிகாட்டி, ரயில், கேபிள் கார் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 79 யூரோ. கிடைத்தது: 24 பேருக்கு ஒரே ஒரு வழிகாட்டி, அவரிடம் முதலுதவிப் பெட்டிகூட இல்லை. கேபிள் கார் ஏறுவதற்கு மட்டும். முகட்டின் நடுவில் பயந்து திரும்பிய மூன்று பேரைத் தனியாக அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் கீழே வந்தபோது இடியும் மழையும். கடைசிப் பேருந்தும் போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில்.

வானிலை இதில் காரணமே இல்லை. ஏமாற்று "3 மணி நேரம்" என்ற சொல்லிலேயே தொடங்கிவிட்டது.

ஜெர்மனியில் மலைநடை நேரத்தைக் கணக்கிட ஒரு தரமுறை உண்டு, டி.ஐ.என். 33466. ஏற்றம் மணிக்கு 300 மீட்டர், இறக்கம் மணிக்கு 500 மீட்டர், சமதளத் தொலைவு மணிக்கு 4 கிலோமீட்டர். ஏற்ற இறக்க நேரத்தைத் தனியாகவும் தொலைவுக்கான நேரத்தைத் தனியாகவும் போட வேண்டும். இரண்டில் சிறியதைப் பாதியாக்கிப் பெரியதோடு கூட்ட வேண்டும். இந்த வழிக்குப் போட்டுப் பாருங்கள். கேபிள் காரில் சுமார் 1600 மீட்டர் வரை போய்விடலாம். அங்கிருந்து ஹெர்ட்ஸோக்ஸ்டாண்ட் 1731 மீட்டர். பிறகு முகடு தாழ்ந்து, மறுபடி ஏறி ஹைம்கார்ட்டன் 1790 மீட்டர். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 450 மீட்டர், அதாவது ஒன்றரை மணி நேரம். ஹைம்கார்ட்டனிலிருந்து நேராக வால்ஹென்ஸே ஊருக்கு இறங்கினால் அந்த ஏரிக்கரை 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் வரும் இறக்கங்களையும் சேர்த்தால் சுமார் 1250 மீட்டர், இரண்டரை மணி நேரம். இதுவே 4 மணி நேரம் ஆகிவிட்டது. தொலைவு 10 கிலோமீட்டர் அளவு, அதற்கு இரண்டரை மணி, அதில் பாதி ஒன்றேகால். ஆக ஐந்தேகால் மணி நேரம். இதில் சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது எதுவும் சேரவில்லை. 24 பேர் ஒற்றையடிப் பாதையில் போனால், குறுகிய இடம் ஒவ்வொன்றிலும் கடைசி ஆள் கடக்கும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். ஆறரை, ஏழு மணி நேரத்துக்குக் குறையாது.

புறப்படும் நேரத்தையும் பாருங்கள். கூட்டம் இருக்காது என்று சொல்லி வெள்ளிக்கிழமை வைத்தார்கள். மாநிலத்துக்குள் வட்டார ரயில்களில் ஒரு நாள் முழுதும் போகும் பவேரியா சீட்டு வேலை நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம் என்பதால் விற்பவருக்கு அதுதான் மலிவு. ஆனால் 9 மணிக்கு மேல் மியூனிக்கில் ஏறி, கோகெல் ஊரில் இறங்கி, பேருந்து மாறி, கேபிள் கார் வரிசையில் நின்று மேலே போகும்போது நண்பகல். கோடையில் இந்த மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். சரியாக அந்த நேரத்தில் மொத்தக் கூட்டமும் முகட்டின் மேல் இருக்கும். தனியாகத் திரும்பிய மூவர் கையில் பயணச் சீட்டே இல்லை, அது ஏற்பாட்டாளரின் கைபேசியில் இருந்தது. சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ.

இனி அந்த முகடு. பார்க்க அவ்வளவு அழகு: ஒரு பக்கம் வால்ஹென்ஸே ஏரி, மறுபக்கம் 200 மீட்டர் தாழ்வில் கோகெல் ஏரி, வடக்கே சமவெளி. பாதை பல இடங்களில் ஓர் ஆள் அகலம்தான், சரிவு இருபுறமும். சில இடங்களில் பாறையில் இரும்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துத்தான் கடக்க வேண்டும். பல ஆண்டுகளாகக் கால் பட்டு வழவழப்பான இடங்கள் நனைந்தால் சோப்புத் தேய்த்த தரை போல வழுக்கும். விளையாட்டுக் காலணியின் தட்டையான அடிப்பகுதி அங்கே பிடிக்காது. கணுக்காலை மூடும், ஆழமான வரிப்பள்ளம் உள்ள மலைக்காலணி வேண்டும். இடி வந்தால் அந்த இரும்புக் கயிறே ஆபத்து. இந்த முகட்டிலிருந்து விழுந்து உயிர்கள் போயிருக்கின்றன. இதைக் குடும்ப நடை என்று விற்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

பவேரிய மலைப்பாதைகளின் மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் வண்ணப் புள்ளி இருக்கும். நீலம் எளியது, குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கலாம், ஆனால் விழும் ஆபத்துள்ள இடம் இருக்காது. சிவப்பில் அப்படிப்பட்ட இடங்கள் வரலாம். கறுப்பில் அடிக்கடி வரும், கையையும் ஊன்றி ஏற வேண்டியிருக்கும். விற்பவரிடம் "என்ன வண்ணம்?" என்று எழுத்தில் கேளுங்கள். முகட்டைத் தாண்டும் இந்த நடை நீலத்தில் சேரவே சேராது. "ஈஸி", "மாடரேட்" என்று மட்டும் பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

வழிகாட்டி என்பவரிடம் அடையாள அட்டை கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மலையேற்ற வழிகாட்டியிடம் சர்வதேச மலையேற்ற வழிகாட்டிகள் சங்கமான ஐ.வி.பி.வி.யின் சின்னமுள்ள அட்டையும், மலைநடை வழிகாட்டியிடம் அவர்களுடைய சர்வதேசச் சங்கமான யு.ஐ.எம்.எல்.ஏ.வின் சின்னமுள்ள அட்டையும் இருக்கும். அது இந்த ஆண்டுக்குச் செல்லுமா என்றும் பாருங்கள். இப்படிப்பட்ட பாதையில் ஒருவருக்குப் பத்துப் பேருக்கு மேல் என்றால் எங்கள் கணக்கில் அது வழிகாட்டலே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அன்று எல்லாரிடமும் பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வகையில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வகையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. "பொருள், சேவை" வகையில் அனுப்பினால் 180 நாளுக்குள் முறையிடலாம். தேதி குறித்த பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்கு இணையத்தில் வாங்கினாலும் 14 நாள் ரத்து உரிமை இல்லை. 24 மணி நேரத்துக்குக் குறைவான, இரவுத் தங்கல் இல்லாத, 500 யூரோவுக்கு மேற்படாத பயணம் தொகுப்புச் சுற்றுலாச் சட்டத்துக்குள்ளும் வராது. ஆகவே எதைத் தருவதாகச் சொன்னார்கள் என்ற எழுத்துதான் உங்கள் ஆதாரம். விளம்பரத்தை அது அழிக்கப்படும் முன் படம் பிடித்து வையுங்கள். பிறகு சொன்னதையும் தந்ததையும் எழுதி, 14 நாள் கெடு வைத்துப் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் பவேரிய நுகர்வோர் மையத்துக்குப் போங்கள்.

"உங்கள் சொந்தப் பொறுப்பில் வருகிறீர்கள்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்களாம். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். தங்கள் கவனக்குறைவால் உயிருக்கோ உடலுக்கோ நேரும் தீங்குக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்த நிபந்தனை ஜெர்மன் சட்டப்படி செல்லாது (ஜெர்மன் உரிமையியல் சட்டமான பி.ஜி.பி.யின் 309ஆம் பிரிவு).

மீட்புக்கு 112. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கடித்தோ விசிலடித்தோ, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். காயமில்லாமல் பயந்து மாட்டிக்கொண்டவரை இறக்கினால் அந்தச் செலவைப் பொதுவாகச் சுகாதாரக் காப்பீடு ஏற்காது, பில் உங்கள் பெயருக்கு வரும். ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கமான டி.ஏ.வி.யின் உறுப்பினருக்கு மீட்புக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. பெற்றோர் விசாவில் வந்திருந்தால் அவர்களுடைய பயணக் காப்பீட்டில் மலை மீட்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

காட்சிதான் வேண்டுமென்றால் யாருக்கும் 79 யூரோ தர வேண்டியதில்லை. நாடு முழுதும் வட்டார ரயிலிலும் பேருந்திலும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் சீட்டில் காலை முதல் ரயிலில் கோகெல், அங்கிருந்து பேருந்தில் வால்ஹென்ஸே. வசந்தத்திலும் இலையுதிர் கால முடிவிலும் பராமரிப்புக்காகவும், பலத்த காற்றிலும் கேபிள் கார் ஓடாது, முதல்நாள் இரவே பாருங்கள். போக வர இரண்டுக்கும் சீட்டு வாங்குங்கள், கடைசியாக இறங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் நிலையத்திலிருந்து 1575 மீட்டரில் உள்ள மலைவிடுதி வரை அகலமான பாதை. அதன்பின் வளைந்து வளைந்து ஏறினால் ஹெர்ட்ஸோக்ஸ்டாண்ட் உச்சி, நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம். ஜூன் தொடக்கத்தில்கூட நிழல் பக்கம் பனி கிடக்கலாம். அப்படியானால் விடுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உச்சி மண்டபத்தில் இருந்து பார்த்துவிட்டு, ஹைம்கார்ட்டன் பலகை காட்டும் பக்கம் போகாமல், வந்த வழியே திரும்புங்கள்.