சட்டைப் பொத்தானும் இரண்டரை வருட ஹோம் கேரும்

தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் போனில் கேட்டார். பேசி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் பலவீனமானதிலிருந்து இரண்டரை வருடமாக ஒரே ஏஜென்சிதான். பகல் ஷிஃப்ட், 12 மணி நேரம். நேரம் தவறாமல் வருகிறார்கள், சுத்தமாக இருக்கிறார்கள். ஒருவர் லீவு என்றால் அன்றைக்கே மாற்று ஆள். மாத்திரையில் ஒரு வேளை கூடத் தவறியதில்லை. இந்த ஒழுங்கு லேசில் கிடைப்பதில்லை.

என் எரிச்சல் ஒன்றே ஒன்று. சட்டைப் பொத்தான்.

அப்பாவால் வலது கையை மட்டும் வைத்துப் பொத்தான் போட முடியும். எல்லாவற்றையும் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். மேலிருந்து இரண்டாவது எப்போதும் அடம் பிடிக்கும். துளையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அகட்டி, ஆள்காட்டி விரலால் தள்ளுவார். நழுவும். மறுபடி தள்ளுவார். கடைசிப் பொத்தானும் மாட்டியதும் சட்டையின் முன்பக்கத்தை ஒருமுறை நீவி விட்டுக்கொள்வார். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அரை நிமிடத்தில் அத்தனையையும் போட்டுவிடுகிறார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். அப்பா எதுவும் சொல்லமாட்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

வருகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். கோளாறு ஏஜென்சியின் படிவத்தில் இருக்கிறது. குளியல், உடை, கழிப்பறை, எழுந்து நகர்வது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, சாப்பாடு என்று ஆறு கட்டம். 1963ல் கேட்ஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் வெளியிட்ட அளவுகோல் அது. ஒருவர் எவ்வளவு தூரம் அடுத்தவரைச் சார்ந்திருக்கிறார் என்று பார்க்க நல்ல கருவிதான். ஆனால் உடைக்கு நேரே ‘உதவி தேவை’ என்று ஒரு டிக் போட்டால் முடிந்தது. எந்த இடத்தில் உதவி, எந்த இடத்தில் கூடாது என்று எழுத ஒரு வரி கூடக் கிடையாது. அப்பாவுக்கு வேண்டியது இவ்வளவுதான்: பலவீனமான இடது கையை முதலில் சட்டைக்குள் நுழைத்துவிட வேண்டும், கழற்றும்போது அந்தக் கை கடைசி. மீதிப் பத்து நிமிடம் அவருடையது.

நடுவில் ஏழு மாதம் ஒருவர் வந்தார். முதல் நாளே இடது கையை நுழைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த துணியை மடிக்க ஆரம்பித்தார். “ஐயா, இதை நான் மடிச்சு முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு” என்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். அப்பா தட்டில் பாதியை மிச்சம் வைப்பார். பசி குறைந்துவிட்டது என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். “தினமும் இடது பக்கம்தான் மிச்சம் இருக்கு, கவனிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுத் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தார். அப்பா மீதியையும் சாப்பிட்டு முடித்தார். மூளையின் வலது பாதியில் அடி விழுந்த சிலருக்கு இடது பக்கத்தில் இருப்பது கண்ணில் பட்டாலும் கவனத்தில் ஏறாது என்று அப்புறம் டாக்டர் விளக்கினார். படிவத்தில் சாப்பாட்டுக்கு நேரே அதுவரை ‘தானாகச் சாப்பிடுவார்’ என்றுதான் இருந்தது. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சுழற்சி முறையாம். பொத்தான், தட்டு இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன், “சேர்த்துட்டோம்” என்றார்கள். அடுத்து வந்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அதற்கடுத்தவருக்கும் தெரியவில்லை. இப்போது நானே அரைப் பக்கம் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். படிப்பவர்கள் படிக்கிறார்கள்.

நேரம், சுத்தம், நம்பிக்கை என்று கணக்குப் போட்டால் ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் நேற்று மறுபடி ஆள் மாறினார். இன்று காலை நான் அறைக்குள் போவதற்குள் பொத்தான் எல்லாம் போட்டாகிவிட்டது, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் நண்பருக்கு என் பதில்: இவர்களிடம் எடுக்க வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், ஆறு மாதத்துக்கு ஆளை மாற்றமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.